பின்சுவரைத் தட்டும் தெரு

மொட்டப்பாறை கல் கிரஷருக்குக் கீழே இருக்கிற ஒற்றைத் தெருவில், ஓர் ஆடி மாதம், வீட்டுச் சுவர்களில் மயிர் முளைத்தது. மயிர்தான். அந்தச் சொல் பிடிக்காதவர்கள் ரோமம் என்று படித்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஏன் முளைத்தது என்று கேட்காதீர்கள். அந்த ஜில்லாவில் யாருக்கும் தெரியாது. முளைத்த பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் கதை.

முதலில் முளைத்தது பொங்கியண்ணன் வீட்டுப் பின்சுவரில். பொங்கியண்ணன் மீசை அரும்பின நாளிலிருந்து குவாரியில் கம்ப்ரசர் மிஷினை வயிற்றோடு அணைத்துப் பாறைக்கு வெடிக்குழி போட்டவன். குழியிலிருந்து புகையாகக் கிளம்பிய கல்மாவு காற்றோடு போய்விட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருக்க, அதில் பாதி அவன் நெஞ்சுக்குள்ளே போய், திரும்பிப் போக வழி தெரியாமல் அங்கேயே குடியிருந்துவிட்டது. படுத்தால் மூச்சு நின்றுவிடும். அதனால் அவன் உட்கார்ந்தே தூங்கினான். கயிற்றுக் கட்டிலைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டு, முதுகைச் சுவருக்குக் கொடுத்து, தலையை முழங்காலுக்குக் கொடுத்து, வருஷக்கணக்காக அப்படித்தான். அவன் பெண்டாட்டி பாவாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருப்பாள். அவளுக்கு இருந்தது ஒரே வேண்டுதல். அது தெருவுக்கே தெரியும்.

"சாமீ, இந்த மனுசன் ஒரே ஒரு நாளு மல்லாந்து படுத்துத் தூங்கோணும். நான் பாக்கோணும்."

அந்த முதுகு பட்டுப் பட்டு வழவழப்பான இடத்தில்தான் மயிர் முளைத்தது. விரல் நீளம், சோளக்கதிர் நூல் நிறம். பாவாத்தாள் விளக்குமாற்றோடு நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, செவுத்துல மசுரு முளைச்சிருக்குதுங்க."

"என்ற தலையில நின்னு போச்சு. அங்கயாச்சும் முளைக்கட்டும் உடு" என்றான் பொங்கியண்ணன், வழுக்கையைத் தடவிக்கொண்டு.

ஆடி முடிவதற்குள் அது அந்தச் சுவரைத் தாண்டி அடுத்த சுவருக்கும், அடுத்த சுவரிலிருந்து அதற்கடுத்த சுவருக்கும், மாராயி வீட்டுக்கும், கமாலுதீன் பாய் டீக்கடைக்கும், ரேஷன் கடைக்கும், மாரியம்மன் கோயில் மதிலுக்கும் ஏறி, தெரு முழுக்க ஒரு பெரிய மிருகத்தின் விலாப்புறம்போல் ஆகிவிட்டது. முளைத்தது சும்மா இருக்கவில்லை. ஆடியது. காற்றில் ஆடுகிற ஆட்டம் இல்லை, தானாக ஆடுகிற ஆட்டம்: போகும்போது சண்டைக்குப் போகிறவன்போல் நிமிர்ந்து விறைப்பாகப் போகும், வரும்போது மன்னிப்புக் கேட்கிறவன்போல் குனிந்து சுவரோடு சுவராக வரும், மறுபடி நிமிரும், மறுபடி குனியும். அதன்மேல் கஞ்சித்தண்ணி மாதிரி ஒரு பசை மெல்லிசாகப் படர்ந்திருந்தது; கிரஷரிலிருந்து வந்து விழுகிற தூசு அந்தப் பசையில் ஒட்டும், மயிர்கள் அதை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கும், அந்த வீட்டிலிருந்து அதற்கடுத்த வீட்டுக்கும், கல்யாணப் பந்தியில் சாப்பாட்டு வாளி கைமாறுகிற மாதிரி மாற்றி மாற்றிக் கொண்டுபோய், கிழக்குக் கோடியில் இருக்கும் வறண்ட ஓடையில் கொட்டிவிடும். ஓடையில் சாம்பல் நிறத்தில் ஒரு மேடு வளர்ந்தது.

ஜனங்கள் ரொம்ப ஆச்சரியப்பட்டதாகச் சொல்லமுடியாது. தூசு வந்த காலத்திலும் அவர்கள் ஆச்சரியப்படவில்லை. சோற்றுப்பானையை மூடாமல் வைக்கலாம் என்று ஆனது, வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்ந்தது, குழந்தைகள் இருமாமல் பாடம் படித்தன, அவ்வளவுதான். சுவரில் ஒட்டிய போஸ்டர்களையும் மயிர் விட்டுவைக்கவில்லை. வார்டு மெம்பர் குழந்தைவேலுவின் பிறந்தநாள் போஸ்டர் கிழிந்து, அவர் முகம் மட்டும் வீடு வீடாக நகர்ந்து கடைசியில் ஓடையில் போய் விழுந்தது.

"ஓட்டுக் கேக்கறப்பக்கூட மெம்பரு இத்தனை ஊட்டுக்குப் போனதில்லீங்க" என்றாள் மாராயி.

பழகப் பழக அதன் குணம் தெரிந்தது. முன்சுவரைத் தட்டினால் மயிருக்குப் பிடிக்காது. சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் எதிர்த்திசையில் அடித்து, தூசையெல்லாம் தட்டினவன் மூஞ்சியிலேயே திருப்பிக் கொட்டிவிட்டு, பிறகுதான் தன் வழிக்கு வரும். பின்சுவரைத் தட்டினால், அதுவும் மெதுவாக உள்ளங்கையால் தட்டினால், இரண்டு மடங்கு வேகமாக வேலை செய்யும். அதனால் அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் வந்தது. யார் வீட்டுக்கு யார் போனாலும் கதவைத் தட்டுவதில்லை; கொல்லைப்பக்கம் சுற்றிப் போய்ப் பின்சுவரில் செல்லமாக நாலு தட்டுத் தட்டிவிட்டுக் கூப்பிடுவார்கள். கல்யாண மேளத்தைக் கொல்லையில் வைத்து வாசித்தார்கள். அடுப்படி வழியாக மாப்பிள்ளை வந்தார். வெளியூரிலிருந்து வந்த ஒரம்பரைச் சொந்தங்கள் முறைத்தன. யாரும் கவலைப்படவில்லை.

பொங்கியண்ணனுக்குத் தலையணை குறைய ஆரம்பித்தது. மூச்சு கொஞ்சம் இளகினதும் அவன் சாய்ந்துகொள்ள முட்டுக்கொடுத்து அடுக்கியிருந்த தலையணைகளில் ஒன்றை ஆவணியில் எடுத்தாள் பாவாத்தாள், இன்னொன்றை ஐப்பசியில் எடுத்தாள். உட்கார்ந்தவன் சாய்ந்தான். சாய்ந்தவன் இன்னும் கொஞ்சம் சாய்ந்தான்.

கார்த்திகையில் குவாரி ஜனங்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கேம்ப் போட வந்தாள் டாக்டர் இளவேனில். சின்னப் பெண். பொங்கியண்ணன் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். பிறகு, சொன்னால் சிரிக்கக்கூடாது, சுவரிலும் வைத்துக் கேட்டாள். ஒரு மயிரைப் பிடுங்கிக் கண்ணாடித் துண்டில் வைத்து உருப்பெருக்கும் கருவியில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது நம்ம எல்லாருக்கும் உள்ளே இருக்கறதுதாங்க" என்றாள். "மூச்சுக்குழாய் முழுக்க, கண்ணுக்குத் தெரியாம. உள்ள போற தூசிய மேல தள்ளிக்கிட்டே இருக்கும். இவருக்கு அது தூசியில அடிபட்டு ஓய்ஞ்சு போச்சு."

"எலும்பில்லாம எப்பிடிங் டாக்டரம்மா ஆடுது?" என்று கேட்டார் கமாலுதீன் பாய்.

"ஒவ்வொரு மயிருக்குள்ளயும் வட்டமா கம்பி கம்பியா நிக்குதுங்க பாய். ஒரு கம்பிக்கும் பக்கத்துக் கம்பிக்கும் நடுவுல குட்டிக் குட்டிக் கைங்க. அது பிடிச்சு இழுத்தா மயிரு வளையும். ஆனா எல்லாக் கையும் ஒரே நேரத்துல இழுத்தா ஆடாது, விறைச்சு நின்னுரும். இந்தப் பக்கம் இழுக்கறப்ப அந்தப் பக்கம் விட்டுக்கொடுக்கணும்."

"குடும்பம் நடத்தற மாதிரி" என்றாள் மாராயி.

"இழுன்னும் விடுன்னும் சொல்றது யாருங்க?" இது மெம்பர்.

"அது சுண்ணாம்புச் சத்து. மயிரு முளைக்கற செல்லுக்குக் கதவு உண்டு. துளியூண்டு உள்ள விடும், உடனே வெளியே தள்ளிரும். அதை வெச்சுத்தான் எவ்வளவு வேகம், எந்தத் திசைங்கறதெல்லாம். குட்டைத் தண்ணில நீந்தற ஒரு பொடி ஜீவன் இருக்கு, உடம்பெல்லாம் இதே மயிரு. எதுலயாவது முன்னாடி முட்டினா சுண்ணாம்புக் கதவு திறந்துக்கும், மயிரெல்லாம் திருப்பி அடிக்கும், பின்னாலயே போயிரும். பின்னாடி தொட்டா வேற கதவு திறக்கும், ஓட்டம் பிடிக்கும். உங்க சுவருக்கும் அதே புத்திதான்."

"வரிசையா அலை மாதிரி போகுதுங்களே, அதுக்குத் தலைவர் எந்த மயிரு?" மெம்பர் விடவில்லை.

"தலைவரே கிடையாதுங்க. பக்கத்துல இருக்கறது தள்ளற தள்ளை உணர்ந்து இது சாயும், இது தள்ளறதை அடுத்தது உணரும்."

"தலைவர் இல்லாம எப்பிடிங்க?" என்றார் மெம்பர். அவருக்கு அது பிடிக்கவில்லை.

போகும்போது டாக்டர் பாவாத்தாளைத் தனியாகக் கூப்பிட்டாள். "உள்ள இருக்கற கல்லு போகாதும்மா. ஆனா புதுசா சேராம இருந்தா, தைப் பொங்கலுக்குள்ள மல்லாந்து படுப்பாருன்னு தோணுது."

பாவாத்தாள் சேலைத் தலைப்பால் டாக்டரின் கன்னத்தில் ஒட்டியிருந்த தூசைத் துடைத்துவிட்டாள்.

இதற்கு நடுவே கிரஷர் முதலாளி, உங்கள் சுவர்தான் கூட்டுகிறதே என்று சொல்லி, கல் உடைக்கும்போது பேருக்குத் தெளித்துக்கொண்டிருந்த தண்ணீரையும் நிறுத்திவிட்டான். தூசு இரட்டிப்பாயிற்று. ஓடை மேடு தெருவை எட்டிப் பார்க்கிற உயரத்துக்கு வந்துவிட்டது. சுவர்கள் முணுமுணுக்காமல் அள்ளின.

மார்கழி முடிகிற நாள், போகி வந்தது. அப்போதுதான் அந்த ஜனங்கள் அந்தக் காரியத்தைச் செய்தார்கள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அன்பில் செய்தார்கள். அன்பில் செய்தால் தடுக்க ஆள் இருக்காது.

ஆரம்பித்து வைத்தவள் பாவாத்தாள்தான். "வருசா வருசம் வெறும் செவுத்துக்கே வெள்ளை அடிச்சோம். இந்த வருசம் நமக்கு இத்தனை செஞ்சிருக்குது, அதைப் போயி அழுக்காவே உடறதா? டாக்டரம்மாளே சொன்னாங்க, சுண்ணாம்புதான் அதுக்குத் தெம்புன்னு."

துளியூண்டு என்று டாக்டர் சொன்னது யாருக்கும் ஞாபகம் இல்லை. பிள்ளைக்குத் தாய் பால் பிடிக்காத நேரத்திலும் ஊட்டுகிற மாதிரி, அவர்கள் கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாராளமாக நீற்றி, நீலம் கலந்து, ஒரு மயிர் விடாமல் வேர் வரைக்கும் நனைத்து, ஒரு கோட்டுக்கு இரண்டு கோட்டாக அடித்தார்கள். சாயங்காலம் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கூரை இறவாணத்தில் காப்புக் கட்டினார்கள். தெரு கல்யாணப்பெண் மாதிரி நின்றது. பாவாத்தாள் கடைசித் தலையணையை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டு வந்து, நாளைக்கு, என்று புருஷனிடம் சொன்னாள்.

பொங்கல் விடிந்தபோது மயிர்கள் விறைத்து நின்றன. அடுப்பு மூட்டிப் பானை வைக்கிற வேளையில் அவை அசைந்தன. மாராயி கைதட்டினாள். தட்டின கை அப்படியே நின்றது.

எல்லாம் திருப்பி அடித்தன. கிழக்கே போனதெல்லாம் மேற்கே வர ஆரம்பித்தது. ஓடையில் ஆடியிலிருந்து சேர்ந்து கிடந்த சாம்பல் மேடு, தூங்கி எழுந்த மாடு மாதிரி முதுகை அசைத்து, கடைக்கோடிச் சுவரில் ஏறி, வாளி கைமாறுகிற அதே ஒழுங்கோடு வீடு வீடாக வந்து, ஜன்னல் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் உள்ளே பொலபொலவென்று கொட்டியது. பானையில் விழுந்தது, கரும்புமேல் விழுந்தது, தொட்டில் பிள்ளையின் கண்ணிமைமேல் விழுந்தது. மெம்பரின் முகமும் திரும்பி வந்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துச் சிரிக்க ஆளில்லை.

பொங்கியண்ணன் வீட்டுக்குள் இருமல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இருமக்கூட மூச்சு இல்லாமல் வெறும் விசில் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள் பாவாத்தாள். அவன் பழையபடி முதுகைச் சுவருக்கும் தலையை முழங்காலுக்கும் கொடுத்து மடங்கியிருந்தான். உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. ஈரத்துணியை அவன் மூக்கிலும் வாயிலும் கட்டினாள்.

"நாந்தானுங் மாமா. நாந்தான் அடிக்கச் சொன்னேன்."

"செவுரு நல்லா... வெளுப்பா இருக்குது புள்ள" என்றான் அவன். அவ்வளவு பேசவே அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

கமாலுதீன் பாய் டாக்டருக்குப் போன் போட, அவள் பண்டிகை என்றும் பாராமல் ஆம்புலன்ஸோடு வந்தாள். ஆம்புலன்ஸ் தெருமுனையைத் தாண்டவில்லை. தூசு முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டது, தூக்கிக்கொண்டு ஓடுவதற்கும் வழியில்லை, அந்தப் புழுதிக்குள் அவனை வெளியே எடுத்தால் தெருமுனை வரை தாங்கமாட்டான். டாக்டர் வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். அவள் யாரையும் திட்டவில்லை.

"அளவுக்கு மீறி உள்ள போன சுண்ணாம்பை அதுவாத்தான் வெளியே தள்ளணும். நாம செய்யக்கூடியது ரெண்டு. மேல இருக்கறதைத் தண்ணி விட்டுக் கழுவுங்க. அப்புறம் பின்சுவரைத் தட்டுங்க. முன்னாடி யாரும் தொட வேண்டாம்."

கழுவினார்கள். பொங்கல் வைக்கப் பிடித்த தண்ணீர், மாட்டுக்கு வைத்த தண்ணீர், டீக்கடை டிரம்மில் இருந்த தண்ணீர் அத்தனையும் போயிற்று. பிறகு தெரு முழுக்கக் கொல்லைப்பக்கம் வந்து, அவரவர் பின்சுவர்முன் நின்றது. மெம்பர் குழந்தைவேலு விசிலை எடுத்தார். கபடி நடுவராக இருந்தவர். "நான் ஊதறப்ப அல்லாரும் ஒண்ணாத் தட்டோணும். ஒருத்தர்கூட முந்தப்படாது, பிந்தப்படாது." ஊதினார். தட்டினார்கள். மயிரெல்லாம் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தது. தூசு மொத்தமாக மேலே கிளம்பி, மொத்தமாக அதே இடத்தில் உட்கார்ந்தது. மறுபடி ஊதினார். மறுபடி அதே. பள்ளிக்கூடத்து டிரில் மாதிரி அழகாக இருந்தது, பிரயோஜனம் இல்லை.

"இன்னுஞ் சத்தமா ஊதுங்க மெம்பரே, செவுத்துக்குக் காது கேக்கல போலிருக்குது" என்றாள் மாராயி. குரலில் அழுகை இருந்தது.

பாவாத்தாள் விசிலைக் கேட்கவில்லை. அவள் தன் வீட்டுப் பின்சுவரில் நெற்றியை வைத்து நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் முதுகு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எந்த இடத்தில் தோள், எந்த இடத்தில் விலா, எல்லாம் கைக்குத் தெரியும். இத்தனை வருஷம் தடவிய முதுகு. ஈரச் சுண்ணாம்புக்கு உள்ளே அந்த விசில் மூச்சு ஏறுவதும் இறங்குவதும் உள்ளங்கையில் தட்டுப்பட்டது. அது இறங்கும்போது தட்டினாள். ஏறும்வரை காத்திருந்தாள். மறுபடி இறங்கும்போது தட்டினாள். அவசரம் காட்டவில்லை. தொட்டில் பிள்ளையைத் தூங்க வைக்கிறவள் தட்டுகிற தட்டு.

அடுத்த வீட்டுக் கொல்லையில் நின்ற மாராயிக்கு, தன் சுவர் பக்கவாட்டில் லேசாகத் தள்ளப்பட்டதுபோல் இருந்தது. விசிலை மறந்து, அந்தத் தள்ளு வந்து சேர்ந்த பிறகு தட்டினாள். அதற்கடுத்த வீட்டுக்காரன் மாராயியின் தட்டு வந்து சேர்ந்த பிறகு தட்டினான். அவனுக்குப் பிறகு கமாலுதீன் பாய், பாய்க்குப் பிறகு பாயின் மருமகள், அவளுக்குப் பிறகு கோயில் பூசாரி, அவருக்குப் பிறகு டாக்டர் இளவேனில், கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, ரேஷன் கடைப் பின்சுவரில். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிறவர் கை இறங்கினதும் தன் கை இறங்கியது, தன் கை இறங்கினதும் அடுத்தவர் கை இறங்கியது, கடைக்கோடி வரைக்கும் போய் மறுபடி பாவாத்தாளிடம் ஆரம்பித்தது. நெல்வயலில் காற்று ஓடுகிற மாதிரி ஒரு தட்டு தெருவின் முதுகில் ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தைவேலு கொஞ்ச நேரம் வெறும் விசிலோடு நின்றார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, தன் வீட்டுப் பின்சுவருக்குப் போய்த் தன் முறைக்குக் காத்திருந்தார். காத்திருந்து அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் இருந்தார்.

வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. சுவர்களின் மயிர்க்கால்களில் வெள்ளையாகப் பொடித்தது, வியர்வை உப்பு மாதிரி. சுண்ணாம்பைச் சுவரே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. முதலில் பாவாத்தாள் வீட்டில் ஒரு மயிர் தயங்கி, நின்று, கிழக்கே குனிந்தது. பக்கத்தில் இருந்தது அதைப் பார்த்துக் குனிந்தது. அப்புறம் நிற்கவில்லை. மேற்கே வந்ததெல்லாம் கிழக்கே திரும்பியது. வீட்டுக்குள் கொட்டினதெல்லாம் ஜன்னல் வழியாக ஏறி வெளியே போனது, கட்டில் காலடியில் இருந்தது, பானைக்குள் இருந்தது, தொட்டில் பிள்ளை இமையில் இருந்தது, அத்தனையும். இந்தத் தடவை சுவர்கள் அதை ஓடையில் இறக்கவில்லை. கோயில் மதில் வாங்கி, மதிலைத் தாண்டிக் கிரஷர் ஆபீஸ் சுவருக்குக் கைமாற்றி விட்டது. அங்கேயும் அன்றைக்குத்தான் புதிதாக மயிர் முளைத்திருந்தது. முதலாளி மறுநாள் கதவைத் திறக்க வழியில்லாமல் வெளியே நின்றான். தண்ணீர் தெளிக்கிற குழாயை அன்றே மாட்டினான். அது கிடக்கட்டும்.

பாவாத்தாள் கைக்கு அடியில் விசில் நின்றிருந்தது. மூச்சும் தட்டுப்படவில்லை. முதுகும் தட்டுப்படவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

அவள் கையை எடுத்தாள். மாராயி அவளைப் பார்த்துவிட்டுத் தன் கையையும் எடுத்தாள். தட்டு ஒவ்வொரு வீடாக நின்றுகொண்டே போய், தெரு முழுக்க ஓய்ந்தது. பாவாத்தாள் கொல்லைக் கதவைத் திறந்து உள்ளே போனாள். அவ்வளவு மெதுவாக யாரும் தன் வீட்டுக்குள் போயிருக்கமாட்டார்கள்.

பொங்கியண்ணன் சுவரை விட்டு நகர்ந்திருந்தான். கயிற்றுக் கட்டிலில், தலைக்கு ஒன்றும் இல்லாமல், காலை நீட்டி, மல்லாந்து படுத்திருந்தான். ஈரத்துணி கழுத்துக்கு இறங்கியிருந்தது. வாய் திறந்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். நெஞ்சு மேலே போனது. போய், கீழே வந்தது. வந்து, மறுபடி மேலே போனது. குறட்டை விட்டான். அவனுக்குக் குறட்டை உண்டு என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். தூங்கட்டும் என்று அவனைத் தொடக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். மாராயி கதவருகே வந்து, எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடினாள். சேதி, அந்தத் தெருவில் எல்லாம் போகிற மாதிரியே, பக்கத்து வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் போனது.

சாயங்காலம் புதுத் தண்ணீர் கொண்டுவந்து புது அரிசி களைந்து மறுபடி அடுப்பு மூட்டினார்கள். பாவாத்தாளின் பானையையும் மாராயியே வைத்தாள். நுரை கட்டி, விளிம்புக்கு வந்து, ஒவ்வொரு வாசலாகப் பொங்கி வழிந்தது. தெரு முழுக்க நின்றிருந்தார்கள், சின்னதும் பெரியதும். கொட்டு இல்லை. குலவை இல்லை. பொங்கியண்ணன் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிறவரின் காதில், மூச்சுக்காற்றாக, "பொங்கலோ பொங்கல்" என்றார்கள். கேட்டவர் அடுத்தவர் காதில் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் பொங்கல் சத்தமாக வந்ததே இல்லை. ஏன் என்று அங்கே போய்க் கேட்டுவிடாதீர்கள். ஆள் தூங்குகிறார் என்பார்கள்.